காகிதத்து வயது

ஆறு பனிக்காலம் என்னை உறங்க வைத்துவிட்டுத் தான் மட்டும் விழித்திருந்தவர் என் மனுசன். ஏழாவது முறையும் அப்படியே சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இந்த முறை சட்டம் விடவில்லை. நானும் விடுவதாக இல்லை.

புயலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கிற இந்த வடகனடா ஊரில் முன்பெல்லாம் பனிப்புயல் என்றால் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள். இப்போது தை மாதத்தில் தொடங்கினால் முப்பது நாற்பது நாள் விடாது. பனி கூரைவரை ஏறிவிடும், மின்கம்பிகள் அறுந்துபோகும். வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒரு மின்கலம் வைத்துத் தந்திருக்கிறார்கள். அது ஓர் ஆள் சமைத்துச் சாப்பிட்டுக் குளிர்காயத்தான் காணும். மற்றவர்கள் பனியுறக்கத்துக்குப் போகவேண்டும். சுவரில் இருக்கிற கருவி ஒரு சின்னக் கிண்ணத்தில் மருந்து தரும். அதைக் குடித்துவிட்டுப் பெட்டிக்கட்டிலில் படுத்தால் உடம்பு மெல்லக் குளிர்ந்து, நெஞ்சு நிமிடத்துக்கு எட்டுத் தடவைதான் துடிக்கும். சோறும் வேண்டாம், சூடும் வேண்டாம். கரடிக்குப் பழகினது எங்களுக்கும் பழகிவிட்டது.

உறங்குகிறவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டே பேர். மகள் அபிநயா தெற்கே ரொறொன்ரோவில் படிக்கிறாள். ஒவ்வொரு வருடமும் இவர் முந்திக்கொள்வார். "நீர் படும் நிரோ, நான் முழிச்சிருக்கிறன்."

முதல் வருடம் அதைப் பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். நான்காவது வருடம் எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. நான் கொஞ்சம் அதிகம் கதைப்பேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வருடத்தில் ஒரு மாதம் என் வாயை மூடிவைக்க ஒரு மனுசன் இவ்வளவு ஆர்வப்படுவதா? கேட்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவருடைய தாடி இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கும். இன்னும் கொஞ்சம் குறைவாகக் கதைப்பார்.

தனியே இருந்து இருந்து சிலருக்குப் புத்தி பேதலித்துப் போனதால் போன வருடம் ஒரு சட்டம் போட்டார்கள். ஒருவர் தொடர்ந்து ஆறு பனிக்காலத்துக்கு மேல் விழித்திருக்கக் கூடாது. அதனால் இந்த முறை கருவியின் திரையில் இவருடைய பெயர் வந்தது: கேதீஸ்வரன், வயது நாற்பத்தொன்பது, உறங்க வேண்டியவர். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். முப்பது நாள் இவர் படுத்திருக்க நான் பக்கத்திலிருந்து ஆசைதீரக் கதைக்கலாம், மறுத்துப் பேசமாட்டார்.

காலை எட்டு மணிக்குப் புயல் பிடித்தது. ஒன்பதுக்குக் கிண்ணத்தில் மருந்து வந்தது. பதினொரு மணிக்குள் ஒருவர் கட்டிலில் இல்லாவிட்டால், அடுப்படிக் குசினியைத் தவிர மற்ற அறைகளுக்கெல்லாம் கருவி சூட்டை நிறுத்திவிடும்.

"இஞ்சேருங்கோ, மருந்து வந்திட்டுது."

"பொறும், அந்தக் காத்துக்குழாய் அடைபட்டிருக்கோ எண்டு பாப்பம்."

பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். பிறகு அரிசி வாளியைத் திறந்து, நான் ஒரு மாதம் பட்டினி கிடப்பேனோ என்கிற மாதிரி அளந்து பார்த்தார். பத்து மணியாகிவிட்டது. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. நான் விழித்திருந்து அவரைப் பார்த்துக்கொள்வேன் என்பதில்கூட இந்த மனுசனுக்கு நம்பிக்கை இல்லையா?

நான் செய்தது பிழைதான். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லமுடியாது. தேத்தண்ணி போட்டேன். இஞ்சியைத் தாராளமாக இடித்துப் போட்டேன். கிண்ணத்து மருந்தை அதில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். குடிக்கட்டும், கால் தளரும்போது தானாகக் கட்டிலுக்குப் போவார் என்று நினைத்தேன்.

முழுதையும் குடித்தார். "இஞ்சி கூடிப்போச்சு," என்றார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நிரோ, கோவிக்காமல் கேளும். அந்த மருந்தைக் கழுவுதொட்டிக்குள்ள ஊத்திப்போடுவம். நான் குடிச்சிட்டன் எண்டு கருவியில அமத்திவிடும். குசினியில மட்டும் சூடு வரும், சமாளிச்சிடலாம். எனக்கு அந்த அளவு ஒத்துவராது."

"ஏன் ஒத்துவராது?"

"ஐம்பது வயசு தாண்டினால் அளவு பாதி. முழுசைக் குடிச்சிட்டு நித்திரையாப் போனால் நெஞ்சு திரும்ப எழும்பாது."

"உங்களுக்கு நாப்பத்தொம்பதுதானே?"

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "ஐம்பத்தாறு."

கோப்பையைப் பார்த்தேன். அடியில் இஞ்சித் துண்டுகள் மட்டும் கிடந்தன.

"கடவுளே, அதை நான் உங்கட தேத்தண்ணிக்குள்ள ஊத்திப்போட்டன்," என்றேன்.

அவர் கத்தவில்லை. கோபம்கூட வரவில்லை. "அப்ப நான் இண்டைக்கு நித்திரை கொள்ளக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

நான் செய்மதித் தொலைபேசியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதையும். பொய் வயசு குடுத்து வந்தவன் எண்டு தெரிஞ்சால் குடியுரிமையைப் பறிப்பினம். அபியின்ர படிப்பு என்னாகும்? யோசியும்."

"நீங்கள் இல்லாமல் எனக்கு என்னத்துக்குக் குடியுரிமை? அதை வைச்சுக் கறியா சமைக்கிறது? கையை விடுங்கோ."

பனியுறக்க உதவி எண்ணில் லொரெய்ன் என்று ஒரு தாதி எடுத்தாள். மூச்சு வாங்கியபடி ஆங்கிலத்தில் விசயத்தைச் சொல்லத் தொடங்கினேன். வயதுக்கு வந்ததும் என் நாக்கு இழுபட்டது. அவள் தானாகவே கேட்டாள்.

"அவருடைய காகிதத்து வயதா, உண்மை வயதா?"

நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"பயப்படவேண்டாம் அம்மா. போரிலிருந்து வந்த வீடுகளில் இப்போது இரண்டையும்தான் கேட்கிறோம். போன பனிக்காலம் மூன்று பேரை இழந்தோம். மூவரும் தங்கள் காகிதத்து வயதுக்குத் தந்த மருந்தைக் குடித்தவர்கள். காகிதத்து வயது எனக்குத் தேவையில்லை. நெஞ்சின் வயதைச் சொல்லுங்கள்."

"ஐம்பத்தாறு," என்றேன்.

"எப்போது குடித்தார்?"

"பத்து நிமிடம் இருக்கும்."

"வாந்தி எடுக்க வைத்துப் பயனில்லை, அது நாக்கிலேயே இறங்கத் தொடங்கிவிடும். எட்டு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதுவரை அவர் உறங்கக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். நிறையத் தண்ணீர் கொடுங்கள், நடக்க வையுங்கள், கதையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வாய் திறந்து பதில் சொல்லவேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் என்னை அழையுங்கள்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என்னால் வரமுடியாது. உங்களுக்கே தெரியும். ஆனால் கூட இருப்பேன்."

மாலை ஆறு மணிவரை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வெளியே யன்னல் முழுக்க வெள்ளை, காற்று வீட்டைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குச் சொன்னபடியே மற்ற அறைகளின் சூடு நின்றது. குசினிக் கதவைச் சாத்தி, அடியில் துவாயை அடைத்தேன். அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் ஆறு அடி. அவரைத் தோளில் பிடித்துக்கொண்டு அந்த ஆறு அடியில் போக்கும் வரவுமாக நடந்தேன். கலியாணத்தன்று அக்கினியைச் சுற்றி நடந்ததற்குப் பிறகு நாங்கள் இப்படிக் கைபிடித்து நடந்ததேயில்லை.

தாதி சொன்னது நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இருபத்துநாலு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பெரிய மரியாதை என்றுகூட இல்லை, வாயில் வராது. அபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெயருக்குப் பதிலாக நான் கூப்பிடுகிற 'இஞ்சேருங்கோ'வைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"கேதீஸ்," என்றேன். பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

அவர் நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ன செய்யுது? நெஞ்சு நோகுதோ?"

"அந்தப் பேரைச் சொல்லாதையும் நிரோ. நீராவது சொல்லாதையும்."

"பேரைச் சொன்னால் என்ன?"

"அது என்ர பேரில்லை. தம்பியின்ர."

நடந்துகொண்டே சொன்னார். நான் தண்ணீரைப் பருக்கிப் பருக்கிக் கேட்டேன். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். கனடாவிலிருந்த மாமா, இரண்டு பேரில் சின்னவனை முதலில் எடுப்போம் என்று பதினாறு வயதுத் தம்பிக்குக் கடவுச்சீட்டும் விசாவும் ஒழுங்கு பண்ணினார். எல்லாம் சரி. பயணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டான்.

"அம்மா ஒரு பகல் முழுக்க அழுதா. பின்னேரம் கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டு இருத்தி, என்ர மீசையை வழிச்சுவிட்டா. எனக்கு இருவத்திமூண்டு. சாப்பாடில்லாமல் எலும்பும் தோலுமா இருந்தனான், பதினாறு எண்டால் நம்புவினம். செத்தது மூத்தவன் தயாளன் எண்டு அம்மாதான் முகாம் பதிவில எழுதிக் குடுத்தவ. ஒருத்தனாவது போகட்டும் எண்டு சொன்னவ. மாமாவும் சாகுமட்டும் வாய் திறக்கேல்லை."

"அப்ப தயாளன்..."

"நான்தான்."

நான் அவர் தோளை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். கார்த்திகை மாதம் ஒவ்வொரு வருடமும் இவருடைய தமையன் தயாளனுக்கு நான் திவசம் செய்கிறேன். முழுகி, விரதமிருந்து, தலைவாழை இலைக்கு எட்மன்டனிலிருந்து ஆள் பிடித்து, பெயர் சொல்லிப் படைக்கிறேன்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கா நான் இருவத்திநாலு வருசமா படைச்சனான்? பாத்துக்கொண்டு இருந்தனீங்களே? என்ர கையால உங்களுக்குத் திவசம் செய்விச்சுப்போட்டு, அந்தச் சோத்தை இருந்து சாப்பிட்டனீங்களே?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஓங்கி அவர் தோளில் ஒன்று போட்டேன். நித்திரை வராமலிருக்க அது நல்லதுதானே என்றும் ஓர் எண்ணம்.

"பேர்தானப்பா பிழை," என்றார். "அந்தப் படத்தில இருக்கிறது அவன்தான். கத்தரிக்காய்ப் பால்கறி அவனுக்குத்தான் விருப்பம். எனக்கு அதைச் சாப்பிட்டால் வாயெல்லாம் கடிக்கும். நீர் படைச்சதெல்லாம் அவனுக்குத்தான் போனது. நான் சொல்லித் தந்ததெல்லாம் அவனுக்குப் பிடிச்ச கறியள்."

தமையனுடைய படத்தில் ஒரு மீசை முளைக்காத பெடியன் இருப்பதைப் பார்த்து, பள்ளிக்கூடப் படம்தான் கிடைத்தது போல என்று நானே நினைத்துச் சமாதானம் ஆகியிருக்கிறேன். எவ்வளவு மொக்கு நான்.

"அப்ப சாதகம்?" என்றேன். "பத்துக்கு ஒன்பது பொருத்தம் எண்டு சாத்திரியார் எங்கட அப்பாவுக்குச் சொன்னவரே?"

"அது உமக்கும் தம்பிக்கும்."

"உங்களுக்கும் எனக்கும் எத்தினை?"

"பயத்தில பாக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அவருடைய தலை என் தோளில் சாய்ந்தது, கால் மடங்கியது. பிடித்து உலுப்பினேன். மருந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கதையல்ல, மல்யுத்தம். செத்தல் மிளகாயைக் கடிக்க வைத்தேன். யன்னலை ஓர் அங்குலம் திறந்து பனியை அள்ளிக் கழுத்தில் வைத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லவைத்தேன், ஏழெட்டில் தடக்கினார். கேள்வி மேல் கேள்வி கேட்டேன். உண்மையான பிறந்தநாள் என்ன? ஆனி மாதம், அனுச நட்சத்திரம். ஆறு பனிக்காலம் நான் உறங்கும்போது என்ன செய்தீர்கள்?

"உமக்குப் பக்கத்தில இருப்பன்."

"இருந்து?"

"உம்மட கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். ஐஸ் மாதிரி இருக்கும். நெஞ்சு அடுத்ததா எப்ப அடிக்கும் எண்டு பாத்துக்கொண்டே இருப்பன். உம்மட சத்தம் இல்லாத வீடு எனக்கு வீடே இல்லையப்பா. ஒவ்வொரு வருசமும், எழும்பின உடன இவவிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட வேணும் எண்டு நினைப்பன். எழும்பி நீர் கதைக்கத் தொடங்கினால் எனக்கு அதே காணும் எண்டு போயிடும்."

ஆறு வருடம் நான் இந்த மனுசனைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நாலரை மணிக்கு, கதிரையில் ஒரு கணம் இருத்தித் தண்ணீர் வார்க்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது கண் மூடியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. அந்தச் சில்லிடல் எப்படிப்பட்டது என்று அவர் சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். "லொரெய்ன், அவர் பதில் சொல்கிறாரில்லை."

"நாடியைப் பிடியுங்கள். எத்தனை?"

எண்ணினேன். "இருபத்தாறு. இல்லை, இருபத்துநாலு."

"உடனே எழுப்புங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பலமாக."

"கேதீஸ்," என்று கத்தினேன். ஒன்றுமில்லை. கன்னத்தில் பனியைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை.

அது தம்பியின் பெயரல்லவா, எப்படி எழும்புவார் என்று தோன்றியது. காதருகே குனிந்தேன். "தயாளன். தயாளன், எழும்புங்கோ." தாய் வைத்த பெயர், சொந்தப் பெயர். இதற்கு எழும்பாமல் விடமாட்டார் என்று நான் முழுக்க நம்பினேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு முப்பத்துமூன்று வருடமாகிவிட்டது.

"பதினெட்டு," என்றேன் நாடியைப் பிடித்தபடி. லொரெய்ன் மறுபக்கத்தில் ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பெயரும் மறந்துபோயிற்று, ஊரும் மறந்துபோயிற்று. அவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ. இஞ்சேருங்கோப்பா."

"ஓம், வாறன்," என்றார்.

பக்கத்து அறையில் ஏதோ திருத்திக்கொண்டிருக்கிறவர் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். கண் கொஞ்சம் திறந்தது. நான் அவரை எழுப்பி நிறுத்தி, இடுப்பில் கைகொடுத்து அந்த ஆறு அடியை மறுபடி நடக்கத் தொடங்கினேன். நாடி முப்பதுக்கு வந்தது, பிறகு நாற்பதுக்கு வந்தது.

"தயாளன் எண்டு கூப்பிட்டனான். கேக்கேல்லையோ?"

"கேட்டது. ஆரையோ கூப்பிடுறீர் எண்டு நினைச்சன்." நாக்குக் குழறியது, ஆனாலும் சொன்னார். "வெளியில வேலையில, வங்கியில, டொக்டரிட்ட, எல்லா இடத்திலயும் நான் தம்பி. ஒவ்வொருக்காக் கூப்பிடேக்கயும் செத்தவனுக்காக நான் ஓம் எண்டு சொல்லவேணும். இந்த வீட்டுக்கதவைத் திறந்து வந்தால் மட்டும் நீர் இஞ்சேருங்கோ எண்டு கூப்பிடுவீர். அது என்னை மட்டும்தான். அது இல்லாட்டி நான் எப்பவோ விசராப் போயிருப்பன்."

எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

லொரெய்ன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், தமிழ் விளங்காவிட்டாலும். "எந்தப் பெயருக்குப் பதில் சொன்னார்? நான் எழுதவேண்டும்," என்றாள்.

"அது பெயரில்லை," என்றேன். "நான் அவரைக் கூப்பிடுகிற விதம்."

"அப்படியென்றால் ஆறு மணிவரை அப்படியே கூப்பிடுங்கள்," என்றாள். "அடுத்த கிழமை உங்கள் கருவியில் சரியான அளவில் மருந்தைத் திறந்துவிடுகிறேன். யாராவது ஒருவர் உறங்கலாம், விரும்பினால்."

விரும்பமாட்டோம் என்று சொன்னேன். ஒருவருக்குள்ள சூட்டில் இரண்டு பேர் குசினிக்குள் ஒரு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டாள். கம்பளி உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால் முடியும், கட்டாயம் முடியும் என்றேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஓம் என்றார். ஆறு மணியாகி, நாடி அறுபதைத் தாண்டி, இனி அவர் சாதாரண நித்திரை கொள்ளலாம் என்று லொரெய்ன் சொல்லி விடைபெற்ற பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அடுப்படியில் மெத்தையைப் போட்டு அவரைப் படுக்கவைத்தேன். கண்ணை மூடினார். மூடியதும் கூப்பிட்டேன். ஓம் என்றார். மறுபடி மூடினார். மறுபடி கூப்பிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை சூடாக இருந்தது.

"போதுமப்பா," என்றார். "நான் இஞ்சதான் இருக்கிறன்."